விளையாட்டுப் பக்கமும் பக்கச்சார்பும்: திருகோணமலைக் கல்லூரிகளின் கூடைப்பந்தாட்டத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

திருகோணமலையிலே பாடசாலை விளையாட்டோடு சிறிதளவேனும் தொடர்புடைய எவருடன் உரையாடினும் தவறாது எழும் முறைப்பாடு ஒன்றுண்டு. பத்திரிகைகள் எம்மைக் கவனிப்பதில்லை என்பதே அது. ஆங்கில, சிங்களப் பத்திரிகைகள் கொழும்பு, கண்டி, காலி ஆகிய நகரங்களின் பெருங் கல்லூரிகளுக்கு இடத்தை அள்ளி வழங்குகின்றன. தமிழ்ப் பத்திரிகைகளோ யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளுக்குப் பின்னரே கிழக்கை நினைக்கின்றன. இவ்வாறு இரு முனைகளிலும் தாம் தவறவிடப்படுவதாக அவர்கள் கருதுகின்றனர். இதனை ஊர்ப்பற்றின் மிகையுரை எனத் தள்ளிவிடுவது எளிது. ஆசிரிய பீடங்களில் அமர்ந்திருப்போரின் வஞ்சனை எனக் கொள்வதும் எளிதே. முதலாவது நிலைப்பாடு முறைப்பாட்டில் உள்ள உண்மையைக் காணத் தவறுகின்றது. இரண்டாவதோ அவ்வுண்மையைத் தனிமனிதரின் மனத்துக்குள்ளே தேடுகின்றது. ஒரு பந்தாட்டம் செய்தியாக மாறும் வழியில் யார் யார் நிற்கின்றனர், எவருடைய பணம் எவ்விடத்தில் இயங்குகின்றது, எந்நேரத்தில் அச்சு இயந்திரம் சுழலத் தொடங்குகின்றது என்பவற்றை நோக்கும்பொழுதுதான் பக்கச்சார்பு என்னும் சொல் பொருள்பெறும்.

கூடைப்பந்தாட்டத்தை ஈண்டு உதாரணமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் 'கல்லூரி' என்ற சொல் பெரும்பாலும் இடைநிலைப் பாடசாலையையே குறிக்கும். கல்லூரி விளையாட்டு என்றவுடன் நாட்டின் பொதுப்புத்தியில் எழுவது கிரிக்கெட் ஆகும். ஆங்கிலேய ஆட்சியாளர், தோட்டத்துரைமார், அவர்களை அண்டி வளர்ந்த உள்நாட்டு உயர்குழாத்தினர் ஆகியோரின் வழியாகக் கொழும்பிலிருந்து வெளியே பரவிய விளையாட்டு அது. கூடைப்பந்தாட்டத்தின் கிழக்கிலங்கை வரலாறு இதினின்றும் வேறுபட்டது. 1891 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர் மண்டபத்துக்குள்ளே ஆடுவதற்கென வகுத்த ஆட்டம் இது. கிறிஸ்தவ வாலிபர் சங்கங்களும் மிஷனரிமாரும் அதனை உலகெங்கும் கொண்டு சென்றனர். 1893 இல் தனி மறைமாவட்டமாக அமைந்த திருகோணமலை, தொடக்கத்திலே பிரெஞ்சு இயேசு சபையினரின் பொறுப்பில் இருந்தது. இரண்டாம் உலகப் போரை அடுத்து, லூசியானா மாநிலத்தின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைக் குருமார் பெருமளவில் இங்கு வந்தனர். 1947 முதல் 1974 வரை ஆயராக இருந்த இக்னேஷியஸ் கிளெனி ஆண்டகையும் அம்மாகாணத்தைச் சேர்ந்தவரே. 1948 இல் இலங்கைக்கு வந்த யூஜின் ஹேபேர்ட் அடிகளார், திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆசிரியராகவும் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகவும் விளங்கினார். மட்டக்களப்பு அணி நாடளாவிய பெயரைப் பெற்றது.

ஆகவே இது கொழும்பின் வழியாக வராத விளையாட்டு. துறைமுகத்திலே ஆங்கிலக் கடற்படை 1957 ஒக்டோபர் வரை நிலைகொண்டிருந்தமையால் உதைபந்தாட்டமும் ஹொக்கியும் திருகோணமலைக்கு வேறொரு வாயிலால் வந்திருந்தன. கூடைப்பந்தாட்டமோ லூசியானாவிலிருந்து மிஷன் பாடசாலையின் முற்றத்துக்கு நேரே வந்து சேர்ந்தது. இதற்கு வேண்டியது சிறிதளவு சமதளமும் இரு கம்பங்களும் மட்டுமே. புல்தரையும் ஆடுகளப் பராமரிப்பாளரும் வெள்ளுடையும் துடுப்புப் பையும் தேவையில்லை. துறைமுகத் தொழிலாளியின் மகனும் எழுதுவினைஞரின் மகனும் ஒரே பந்துக்குப் போட்டியிடக்கூடியதாக இருந்ததில் இப்பொருளாதார எளிமைக்குப் பங்குண்டு. ஆயின் அதே எளிமை பத்திரிகைப் பக்கத்தில் குறையாக மாறிற்று என்பதே எமது பொருளின் முரண்.

அம்முரணை விளங்கிக்கொள்ளப் 'பெரும் போட்டி' என்னும் நிறுவனத்தை நோக்குதல் வேண்டும். கொழும்பு றோயல் கல்லூரிக்கும் புனித தோமஸ் கல்லூரிக்குமிடையிலான கிரிக்கெட் போட்டி 1879 இல் தொடங்கியது. அவ்வாண்டில் ஆசிரியர்களும் விளையாடினர். மாணவர் மட்டுமே ஆடியது 1880 முதலேயாம். 1885 ஆம் ஆண்டுப் போட்டியில் றோயல் அணி ஒன்பது ஓட்டங்களுக்குச் சுருண்டது. அப்போட்டி தமது வெற்றி எனத் தோமியர் கணக்கெழுதுகின்றனர். வெற்றி தோல்வியின்றி முடிந்ததென றோயலார் கணக்கெழுதுகின்றனர். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்விணக்கமின்மை பத்திரிகைகளில் ஆண்டுதோறும் சுவையான செய்தியாகத் தோன்றுகின்றது. கொழும்பில் ஐயத்துக்குரிய ஒரு பெறுபேறு கூட வரலாறாகின்றது. திருகோணமலையில் ஐயத்துக்கு இடமின்றி வென்ற போட்டியின் பெறுபேறு கூட மறுவாரம் தேடக் கிடைப்பதில்லை.

இவ்வேறுபாட்டின் அடிப்படை பழைய மாணவர் என்னும் சமூகத் தொகுதியாகும். பெருங் கல்லூரிகளின் பழைய மாணவர் வங்கிகளிலும் வர்த்தக நிறுவனங்களிலும் நிருவாக சேவையிலும் பாராளுமன்றத்திலும் அமர்ந்திருந்தனர். பத்திரிகை முதலாளிமாரும் அவர்களுள் அடங்குவர். 1918 இல் டெயிலி நியூஸ் பத்திரிகையைத் தொடங்கி லேக் ஹவுஸ் நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய டி. ஆர். விஜேவர்தன புனித தோமஸ் கல்லூரியில் பயின்றவர். அவர் விளையாட்டு ஆசிரியரை அழைத்துத் தமது கல்லூரியைப் புகழ்ந்தெழுதுமாறு பணித்திருக்க வேண்டியதில்லை. பத்திரிகையை வாங்குவோர், அதில் விளம்பரம் செய்வோர், அதனை எழுதுவோர் ஆகிய மூவரும் ஒரே விளையாட்டரங்கின் கூடாரங்களில் அமர்ந்திருக்கையில் பணிப்புரைக்கு அவசியமில்லை. எது செய்தி என்பது அங்கு இயல்பாகவே தெரிந்திருக்கும். கருத்துநிலை தொழிற்படும் முறை இதுவே. அது தன்னைக் கருத்தாகக் காட்டிக்கொள்ளாது, வெளிப்படையான உண்மையாகவே காட்டிக்கொள்ளும்.

இடதுசாரிகளாகிய நாம் இவ்விடத்தில் நம்மையும் விமர்சித்துக்கொள்ளுதல் தகும். 1973 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் லேக் ஹவுஸ் நிறுவனத்தின் உடைமை ஒரு குடும்பத்தின் கையிலிருந்து அகற்றப்பட்டது. அதனை ஆதரித்தோர் பத்திரிகையின் குரல் பொதுமக்களின் குரலாகும் என எதிர்பார்த்தனர். ஆசிரியத் தலையங்கம் மாறியது. அதுவும் ஆட்சியாளருக்கேற்ப மாறிக்கொண்டிருந்தது. விளையாட்டுப் பக்கம் ஏறத்தாழ முன்பிருந்தவாறே இருந்தது. அரசின் கட்டுப்பாட்டிலிருந்த அதே நிறுவனந்தான் 1979 இல் ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரரைத் தெரிவுசெய்யும் ஒப்சேவர் விருதினைத் தொடக்கியது. நடுவர் தேர்ந்தெடுக்கும் வீரரோடு, வாசகர் தேர்ந்தெடுக்கும் 'மக்கள் அபிமானம் பெற்ற' வீரரும் உண்டு. பத்திரிகையில் அச்சாகும் கூப்பனை வெட்டி நிரப்பி அனுப்புவதே வாக்களிக்கும் முறையாயிற்று. எத்தனை பிரதிகள் வாங்கப்படுகின்றனவோ அத்தனை வாக்குகள். இதைவிடத் தெளிவாக ஒரு பத்திரிகை தன் சந்தையின் எல்லையைத் தானே வரைந்து காட்டியதில்லை. பத்திரிகை வாங்குவோர் தொகையும் பழைய மாணவரின் வசதியும் அபிமானம் என்ற பெயரைப் பெற்றன. உடைமை மாறியும் பண்டத்தின் தன்மை மாறவில்லை என்பதற்கு இது தக்க சான்று.

எனினும் இதனை இனப் பாகுபாடாக மாத்திரம் விளங்கிக்கொள்வோர் சில சான்றுகளுக்கு விடைகூற வேண்டியிருக்கும். 1990/91 பருவத்திற்குரிய சிறந்த பாடசாலை வீரர் விருதைப் பெற்றவர் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் முத்தையா முரளிதரன், ஒரு மலையகத் தமிழர். 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் வென்று, இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கப்பதக்கத்தைப் பெற்றுக்கொடுத்த நா. எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். இவ்விருவரும் பத்திரிகைகளால் மறைக்கப்படவில்லை. இருவருடைய கல்லூரிகளும் ஏற்கெனவே செய்தியோடும் வழிகளின் மீது அமைந்திருந்தன. முரளிதரனின் கல்லூரி கொழும்புக் கல்லூரிகளோடு போட்டியிடும் கிரிக்கெட் வட்டத்துள் இருந்தது. இனம் இங்கு பொருட்டன்று என்பது எமது வாதமன்று. இன ஒடுக்குமுறை எவ்வழியாக விளையாட்டுப் பக்கத்தை வந்தடைகின்றது என்பதே வினா. அது பெரும்பாலும் இடம், மொழி, விளம்பரம் ஆகியவற்றினூடாக உருமாறியே வருகின்றது.

இனி, செய்தி பயணஞ்செய்யும் பாதையைப் பார்ப்போம். இலக்கிய மாணவன் என்ற முறையில் என்னை இப்பகுதியே கூடுதலாக ஈர்க்கின்றது. ஏனெனில் இங்கு உற்பத்தி முறையும் எழுத்து வடிவமும் நேரடியாகச் சந்திக்கின்றன.

திருகோணமலை கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. அங்குள்ள பத்திரிகையாளர் பெரும்பாலும் பிரதேச நிருபர். அதாவது ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ வேறொரு தொழிலைச் செய்துகொண்டு, பிரசுரமான செய்திக்கு ஏற்பச் சிறு கொடுப்பனவு பெறுபவர். விபத்து, அமைச்சரின் வருகை, கோயிற் கொடியேற்றம், மீனவர் பிரச்சினை, பரிசளிப்பு விழா அனைத்தும் அவர் ஒருவருடைய பொறுப்பு. கொழும்பிலோ விளையாட்டுக்கெனச் சம்பளம் பெறும் தனிக்குழு இருக்கும். அவர்கள் தாம் காணும் ஆட்டத்தைப் பற்றி எழுதுகின்றனர். பிரதேச நிருபரோ தாம் காண நேரமில்லாத ஆட்டத்தின் பெறுபேற்றை மறுநாள் உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டறிந்து எழுதுகின்றார். தொலைபேசி அரிதாகவும் தபால் வண்டியே துணையாகவும் இருந்த காலத்திலே அச்செய்தி ஆசிரிய பீடத்தை அடையுமுன் பழையதாகிவிடும். தூர மாவட்டங்களுக்குச் செல்லும் பதிப்பு இரவில் முந்தியே அச்சேறியதால், மாலையில் முடிந்த ஆட்டம் அடுத்த நாள் பத்திரிகையில் இடம்பெறும் வாய்ப்பும் அருகியது.

இத்தொலைவை எல்லா விளையாட்டுகளும் ஒரே விதமாகக் கடப்பதில்லை. கிரிக்கெட் மெதுவாக நடப்பது. இரண்டு மூன்று நாள்கள் நீள்வது. உணவு இடைவேளையும் தேநீர் இடைவேளையும் கொண்டது. ஒவ்வோர் இடைவேளையும் நிருபருக்கு ஒரு தந்தி அனுப்பும் அவகாசம். அன்றியும் அவ்வாட்டம் முடிவதற்குள்ளேயே தன்னை எழுத்தாக்கிக்கொள்கின்றது. இன்னார் இத்தனை ஓட்டங்கள், இன்னாருடைய பந்தில் இன்னார் பிடி எனப் புள்ளிப்பட்டியல் முழு ஆட்டத்தையும் பெயர்களோடு சுருக்கித் தந்துவிடும். ஆட்டத்தைப் பார்க்காத துணை ஆசிரியர் கூட அப்பட்டியலைக் கொண்டு இருபது வரிகள் எழுதிவிடலாம். கூடைப்பந்தாட்டம் நாற்பது நிமிட ஆட்டம். பந்து ஒருவர் கையில் சில கணங்களே தங்கும். வளையத்தில் பட்டு மீளும் பந்தைக் கைப்பற்றியவர், புள்ளி பெற்றவருக்குப் பந்தை ஈந்தவர், எதிரணியின் முதன்மை வீரனை நாற்பது நிமிடமும் மறித்து நின்றவர் ஆகியோரின் உழைப்பைப் பதிவுசெய்வதற்குப் பயின்ற கண்ணும் தனியான பதிவேடும் வேண்டும். அப்பதிவு இல்லாவிடத்துத் தந்தியில் மிஞ்சுவது இரு அணிகளின் பெயரும் இரு எண்களுமே. எனவே கூடைப்பந்தாட்டம் பத்திரிகையில் ஒற்றை வரியாகக் குறுகுவதற்கு ஆசிரியரின் வெறுப்பைக் காட்டிலும் ஆட்டத்தின் கூட்டு உழைப்புத் தன்மையே நேரடிக் காரணம் என்று சொல்லத் தோன்றுகின்றது. தனிவீரனைத் தேடும் எழுத்து வடிவம் கூட்டுச் செயலைக் கையாள அறியாது நிற்கின்றது. சோழர் மெய்க்கீர்த்திகளில் மன்னனின் பெயர் நிற்பதும் படையினரின் பெயர் நில்லாததும் நினைவுக்கு வருகின்றன.

இம்முறைப்பாடு எமக்கு மட்டும் உரியதன்று. கூடைப்பந்தாட்டத்தின் தாயகத்திலேயே அது மிக உரத்துக் கேட்கின்றது. ஐக்கிய அமெரிக்காவில் பல்கலைக்கழக அணிகள் 'கொன்பரன்ஸ்' எனப்படும் குழுமங்களாகச் சேர்ந்து விளையாடுகின்றன. 1948-49 பருவம் முதல் அசோசியேற்றட் பிரஸ் செய்தி நிறுவனம் பத்திரிகையாளரின் வாக்குகளைக் கொண்டு அணிகளை வாரந்தோறும் வரிசைப்படுத்தி வருகின்றது. பசிபிக் கரையோர அணிகளின் ஆட்டங்கள் முடிவடையும்போது அத்திலாந்திக் கரையில் நள்ளிரவாகிவிடும். வாக்களிப்போர் பலர் அவற்றைப் பாராமலே உறங்கிவிடுகின்றனர் என்பது மேற்குக் கரையாரின் நெடுநாள் மனக்குறை. எமது இரவுத் தபால் வண்டியின் அமெரிக்க வடிவம் எனலாம். ஆனால் அங்கு மூலதனம் தன்னை மறைத்துக்கொள்ளும் சிரமத்தைக் கூட மேற்கொள்ளவில்லை. 1979 இல் ஈ.எஸ்.பி.என். என்னும் விளையாட்டுத் தொலைக்காட்சி தொடங்கியது. அதே ஆண்டில் கிழக்குக் கரையின் பெருநகரப் பல்கலைக்கழகங்கள் 'பிக் ஈஸ்ற்' என்ற புதிய குழுமத்தை அமைத்தன. ஒன்றின் வளர்ச்சிக்கு மற்றது உரமாயிற்று. 2014 இலும் 2019 இலும் அத்தொலைக்காட்சி இரு பெருங் குழுமங்களோடு சேர்ந்து அவ்வவற்றின் பெயரிலேயே தனி அலைவரிசைகளைத் தொடங்கியது. செய்தி கூறுபவரே செய்திக்குரியவரின் வர்த்தகப் பங்காளியாகினார். 1915 இலிருந்து வேர்கொண்டிருந்த பசிபிக் குழுமம் தகுந்த தொலைக்காட்சி உடன்படிக்கை கிட்டாமையால் 2023 இல் சிதைந்தது. பன்னிரண்டில் பத்துப் பல்கலைக்கழகங்கள் 2024 இல் விலகிச் சென்றன. அவற்றுள் கலிபோர்னியாவின் இரு பல்கலைக்கழகங்கள் 'அத்திலாந்திக் கரையோரக் குழுமம்' எனப் பெயர்கொண்ட அமைப்பிலே போய்ச் சேர்ந்தன! பூகோளவியலையும் சந்தை திருத்தி எழுதும் என்பதை மாணவருக்கு விளக்க இதனினும் நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

மீண்டும் எமது கரைக்கு வருவோம். ஆங்கிலப் பத்திரிகைகளைப் பற்றிய முறைப்பாட்டைத் தமிழ்ப் பத்திரிகைகள் அடிக்கடி எழுப்புகின்றன. அவற்றின் சொந்தப் பக்கங்கள் எவ்வாறுள்ளன? 1930 இல் தோன்றிய வீரகேசரியும் 1932 இல் தோன்றிய தினகரனும் கொழும்பில் அச்சாகின. 1959 இல் தோன்றிய ஈழநாடு, 1985 இல் தோன்றிய உதயன் ஆகியவை யாழ்ப்பாணத்தில் அச்சாகின. திருகோணமலை வாசகர் இவ்விரு நகரங்களின் நாளிதழ்களையே பெரிதும் நம்பி வாழ்ந்துள்ளனர். 1904 இல் தொடங்கிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி - சென். ஜோன்ஸ் கல்லூரி கிரிக்கெட் போட்டி 'வடக்கின் பெரும் போர்' என்ற பெயரோடு பக்கங்களை நிறைக்கின்றது. 'பொன் அணிகளின் போர்', 'இந்துக்களின் போர்' எனப் பின்வந்தனவும் பெயர் சூடிக்கொண்டன. கொழும்பின் 'நீலங்களின் சமர்' என்ற அச்சிலே வார்க்கப்பட்ட பெயர்கள் இவை என்பது சொல்லாமலே விளங்கும். கொழும்பு தம்மை ஒதுக்குவதை எதிர்த்த யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கம், கொழும்பின் வடிவத்தையே கடன்வாங்கித் தன் வட்டத்துக்குள் மீளுற்பத்தி செய்தது. அவ்வட்டத்துக்கு வெளியே கிழக்கு நின்றது. உண்மையான போர் சூழ்ந்திருந்த ஆண்டுகளிலும் விளையாட்டுப் பக்கத்துத் தலைப்புகளில் 'போர்' இன்பமான சொல்லாகத் தொடர்ந்தது என்பதைச் சொல்வழக்கு ஆராய்வோர் தனியாக நோக்குதல் நன்று.

இலக்கியத் துறையில் நிலைமை முற்றிலும் இவ்வாறு இருக்கவில்லை என்பதையும் கூறவேண்டும். மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினம் 'தோணி' முதலிய கதைகளால் ஈழத்துச் சிறுகதை வரலாற்றில் இடம்பெற்றார். க. கைலாசபதி 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராக இருந்த காலத்தில், அதுவரை பத்திரிகைக்கு வெளியே நின்ற பிரதேசங்களையும் சமூகப் பிரிவுகளையும் சேர்ந்த எழுத்தாளர் பலர் அதன் பக்கங்களுக்குள் வந்தனர். அது ஒரு தனிமனிதரின் நல்லெண்ணத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. முற்போக்கு எழுத்தாளர் சங்கம் என்னும் இயக்கம் வெளியே இருந்து கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது. விளையாட்டுப் பக்கத்துக்கு அத்தகைய இயக்கம் எதுவும் எழவில்லை. நாமும், விளையாட்டை அபின் என எண்ணியோ என்னவோ, அதனை ஆராய்ச்சிக்கு உகந்ததாகக் கொள்ளவில்லை.

இதனால் விளையும் நட்டம் வெறும் மனக்குறையோடு நிற்பதில்லை. பத்திரிகை நறுக்கு என்பது எமது சமூகத்தில் ஒருவகைச் சொத்து. தேசிய அணித் தெரிவின்போதும், வர்த்தக நிறுவனங்கள் தமது அணிகளுக்கு ஆள் சேர்க்கும்போதும், கல்விக்கு அப்பாற்பட்ட திறமைகளைக் கருதிப் பல்கலைக்கழக அனுமதி வழங்கும்போதும், கோவைக்குள் இருக்கும் நறுக்கு சான்றிதழுக்குத் துணைநின்று பேசுகின்றது. கொழும்பு மாணவன் ஒருவன் பதினெட்டு வயதில் தடித்ததொரு கோவையோடு வெளியேறுகின்றான். அவனுக்கு நிகராக ஆடிய திருகோணமலை மாணவனிடம் மாகாண மட்டச் சான்றிதழும் அதிபரின் கடிதமும் இருக்கும். செய்திப் பக்கத்து ஏற்றத்தாழ்வு இவ்வாறு தொழிற்சந்தையின் ஏற்றத்தாழ்வாக மாறுகின்றது. அத்தொழிற்சந்தையில் வென்றோரே மறுதலைமுறையின் விளம்பரதாரர் ஆகின்றனர்.

எனினும் திருகோணமலை நகரின் முறைப்பாட்டையும் முழுமையான நியாயமாகக் கொள்ள இயலாது. நகரத்துக் கல்லூரி விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் புனித சூசையப்பர், ஸ்ரீ கோணேஸ்வரா இந்து ஆகிய ஆண்கள் கல்லூரிகளிலிருந்து தொடங்குவது வழக்கம். ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி, புனித மரியாள் கல்லூரி ஆகியவற்றின் மாணவியர் வலைப்பந்தாட்டக் களத்தில் என்ன செய்தனர் என்பது அவர்கள் நினைவுக்கு இரண்டாவதாகவே வரும். குடாவின் மறுகரையிலுள்ள மூதூர், கிண்ணியா ஆகிய ஊர்களின் முஸ்லிம் பாடசாலைகள் மூன்றாவதாக வரும், வராமலும் போகும். தர்ஜினி சிவலிங்கம் 2011 இலும் 2019 இலும் உலகக் கிண்ண வலைப்பந்தாட்டத்தில் கூடுதல் கோல்களைப் பெற்றவராக விளங்கியபோதும், அவரைப் பற்றிய செய்திகளிற் பல அவருடைய உயரத்தில் தொடங்கி உயரத்திலேயே முடிந்தன. அவர் பந்தைக் கையாண்ட நுட்பம் எழுதப்படவில்லை. கூடைப்பந்தாட்டத்துக்கு நேர்ந்தது வலைப்பந்தாட்டத்துக்கு இருமடங்காக நேர்ந்தது என்க.

பிரதேச நிருபரைப் பற்றி மேலே சொன்னவற்றை ஒரு சம்பவம் வேறொரு வெளிச்சத்தில் காட்டுகின்றது. 2006 ஜனவரி 2 ஆந் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்தது எனப் படைத்தரப்பில் கூறப்பட்டது. அவர்கள் சுடப்பட்டே இறந்தனர் என்பதைப் பிணவறையில் எடுக்கப்பட்ட நிழற்படங்கள் காட்டின. அப்படங்கள் சுடர் ஒளி பத்திரிகையில் வெளியாயின. அவற்றை எடுத்தவர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அவர் துறைமுக அதிகார சபையின் ஊழியர். பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர். ஜனவரி 24 ஆந் திகதி காலையில் வேலைக்குச் செல்வதற்காக நின்றிருந்தபோது அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். மாணவர் கொலை தொடர்பிற் கைதுசெய்யப்பட்டிருந்த 13 பேரும் 2019 இல் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். சம்பளமின்றி, பிரசுரமான செய்திக்குச் சில்லறை பெறும் அந்த ஒற்றை மனிதரின் மீதே ஒரு மாவட்டத்தின் செய்தி முழுவதும் தங்கியிருந்தது. விளையாட்டுப் பெறுபேறு வராது போவதற்கும் கொலையின் உண்மை அரிதாகவே வெளிவருவதற்கும் அமைப்பு ஒன்றே. ஹேபேர்ட் அடிகளாரும் இவ்வரலாற்றுக்கு வெளியே நிற்கவில்லை. 1990 ஆகஸ்ட் 15 ஆந் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவர் காணாமற்போனார். உடன் சென்ற தமிழ் இளைஞரும் மீளவில்லை.

இன்று கைத்தொலைபேசி ஏந்திய மாணவர் தாமே ஆட்டத்தைப் படம்பிடித்து முகநூலில் இடுகின்றனர். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அச்சுத்தாள் தட்டுப்பட்டு நாளிதழ்கள் மெலிந்தபோது பிரதேசப் பக்கங்களும் மெலிந்தன. ஆகவே பழைய முறைப்பாடு காலாவதியாயிற்று எனச் சிலர் கருதுகின்றனர். முகநூலில் இட்ட படத்தில் புள்ளிப்பட்டியல் இல்லை. ஆடியோரின் முழுப்பெயர் இல்லை. அடுத்த ஆண்டு அது தேடக் கிடைக்குமா என்பதும் தெரியாது. பெறுபேற்றை ஒழுங்காகப் பதிந்து வைத்திருக்கக்கூடியவை கல்லூரிச் சஞ்சிகைகளும், உடற்கல்வி ஆசிரியரின் பதிவுப் புத்தகங்களும், பழைய மாணவர் வீட்டு அலுமாரிகளிலுள்ள குழுப்படங்களுமே. அவற்றுட் பல இடப்பெயர்வுகளிலும் 2004 டிசம்பர் 26 இன் கடற்கோளிலும் அழிந்தன. எஞ்சியவற்றைத் தேடிப் பிரதியெடுத்து, குழுப்படங்களில் நிற்போரின் பெயர்களை அவர்களை அறிந்தோர் உயிரோடிருக்கையிலேயே எழுதிக்கொள்ளும் வேலையை எமது சங்கத்துத் திருகோணமலை மாணவர் அடுத்த விடுமுறையில் தொடங்கலாம். புனித சூசையப்பர் கல்லூரியின் 1950 களுக்குரிய சஞ்சிகைகளிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.